முட்டைக்குப் பதில் வாழைப்பழம்

சைவம் சாப்பிடுகிறவனை நோய் அண்டாது என்று ஊர் ஊராகப் பேசித் திரிந்தவன் நான். அப்படிப் பேசிய வருடங்கள் அத்தனையிலும் எனக்குச் சர்க்கரை இருந்தது. கடைசிச் சில வருடங்களில் பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றது தெரியாமல் நடந்துகொண்டும் இருந்தேன். இரண்டையும் மேடையில் சொன்னதில்லை. சொன்னால் பேச்சு எடுபடாது.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு சாதாரணப் பொய்யனின் கதை; ஊரில் இல்லாத பொய்யா என்று விட்டுவிடலாம். நான் அதற்கு முன்பே வேறொன்றைச் செய்திருந்தேன். என்னை எழுத வைத்தது அதுதான்.

திருநெல்வேலிக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். புரதம் எதில் இருக்கிறது, வைட்டமின் எதில் இருக்கிறது என்று வருடந்தோறும் கரும்பலகையில் எழுதிப் போட்ட கை இது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

எங்கள் வீட்டில் பரம்பரையாகச் சைவம். கல்யாணத்துக்கு மறுநாள் சொதி, அதற்கு இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் என்று நாக்கு வளர்ந்த வீடு. ஏன் மீன் சாப்பிடக் கூடாது என்று சிறு வயதில் ஆச்சியிடம் கேட்டால், “நம்ம வீட்டில கிடையாதுலே” என்பாள். அவ்வளவுதான் காரணம். உடம்புக்கு நல்லது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் அறிவியல் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ‘நம்ம வீட்டில கிடையாது’ என்ற அந்த ஒற்றை வரிக்கு உடல்நலம் என்ற சட்டையை மாட்டிவிட்டவனும் நான்தான். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிற வகுப்பறையில் சாதியைச் சொல்ல முடியாது. உடல்நலத்தைச் சொல்லலாம். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், கைதட்டக்கூடச் செய்வார்கள்.

சத்துணவில் முட்டை 1989இல் வந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு படிப்படியாகக் கூடி, பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்றானது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். ஏற்பாடு நியாயமானது. யாரையும் கட்டாயப்படுத்தாத ஏற்பாடு. அந்த நியாயத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

முட்டை சாப்பிடாதே என்று நான் ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை. இதை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மதியம் முதல் பாடவேளையில் வகுப்புக்குள் நுழைந்ததும், “இன்னிக்குப் பழம் வாங்கினது யாரு?” என்று கேட்பேன். கை தூக்கியவர்களின் பெயரைப் பலகையின் ஓரத்தில் எழுதுவேன். “நல்ல பிள்ளைங்க. உயிரைக் கொல்லாத பிள்ளைங்களுக்கு மூளை தெளிவா இருக்கும்” என்பேன். ஒரு மாதத்துக்குள் அந்த ஓரம் போதாமல் போனது. சைவ வீட்டுப் பிள்ளைகள் அந்த வகுப்பில் ஒரு கைக்குள் அடங்குவார்கள்; பலகையில் இருந்தது அதைவிட நீளமான பட்டியல்.

அதில் ஒரு பெண் இருந்தாள். அம்மா பீடி சுற்றுகிறவள். அப்பா திருப்பூர்ப் பக்கம் போனவர், எப்போதாவது வருவார். ஏழாம் வகுப்புக்கு அவள் உயரம் கம்மி. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். ரத்தசோகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஒரு தடவை நானே அப்படி இழுத்துக் காட்டியிருக்கிறேன். அந்த வீட்டில் நெத்திலியோ சாளையோ வாங்கினால் அன்றைக்குக் கொண்டாட்டம். முட்டையெல்லாம் பள்ளிக்கூடத்தில் கிடைப்பதுதான். அவள் பழத்துக்கு மாறினாள். பலகையில் அவள் பெயரை எழுதிய அன்று முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும்தான்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். வாழைப்பழத்தில் 1 கிராம் இருந்தால் அதிகம். முட்டையில் பி12 உண்டு. பழத்தில் துளியும் இல்லை. இந்தக் கணக்கை அந்த வகுப்புக்கே நான் பாடம் நடத்தியிருக்கிறேன். புரதப் பாடத்தை முடித்துவிட்டுத் திரும்பி, பலகை ஓரத்தில் அவள் பெயரை எழுதினேன்.

சத்துணவு அமைப்பாளர் அம்மா என்னிடம் வந்து ஒருமுறை சொன்னார்: “முட்டைய வேண்டாம்னு சொல்லாதீங்க சார். இதுவளுக்கு வீட்டுல இதெல்லாம் கிடைக்கவா செய்யுது?” நான் சொல்லவே இல்லையே என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். தெரிந்தது. இவர் அசைவம் சாப்பிடுகிறவர், அதனால் இப்படித்தான் பேசுவார் என்று ஒதுக்கினேன்.

தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று 2014இல் மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு காட்டியது. மிச்சம் இருக்கிற சிறு கூட்டத்தின் வழக்கத்தை எல்லாருக்குமான ஆரோக்கியமாக நான் விற்றுக்கொண்டிருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு மேடை கிடைத்தது. கோயில் விழா, முதியோர் மன்றம், குருபூஜை. ‘சைவமும் நோயற்ற வாழ்வும்’ என்பதுதான் தலைப்பு. அறிவியல் சார் பேசுகிறார் என்பதால் ஆதாரம் கேட்பார்கள் என்று ஒரு கோப்பு வைத்திருந்தேன். பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டிய கோப்பு. மகன் கணினியில் எடுத்துக் கொடுத்த ஆய்வுச் சுருக்கங்களும் அதில் உண்டு. நான் ஏமாற்றிய விதம் அந்தக் கோப்பில் அப்படியே இருக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் லோமா லிண்டா பல்கலைக்கழகம் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. 73,000 பேருக்கு மேல். சைவம் சார்ந்து சாப்பிடுகிறவர்களில் இறப்பு விகிதம் 12 சதவீதம் குறைவு. இந்த 12ஐ நான் எத்தனை மேடையில் முழங்கினேன் என்று கணக்கில்லை. அதே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகள் உண்டு. பாலும் முட்டையும் சேர்த்துச் சாப்பிடுகிற பிரிவில் குறைவு 9 சதவீதம்தான். எல்லாப் பிரிவிலும் நன்றாக இருந்தவர்கள் மற்ற கறி எதையும் தொடாமல் மீன் மட்டும் சாப்பிட்டவர்கள். அவர்களுக்கு 19 சதவீதம் குறைவு. அந்த வரிக்கு மேல் பசை தடவி இன்னொரு துண்டை ஒட்டியிருந்தேன். வேண்டுமென்றேதான். அந்த மக்களில் பெரும்பாலோர் புகைப்பதில்லை, குடிப்பதில்லை என்பதையும் சொன்னதில்லை.

2019இல் இங்கிலாந்து ஆய்வு வந்தது. ஆக்ஸ்போர்டுக்காரர்கள் 48,000 பேரைப் பதினெட்டு வருடம்போலப் பின்தொடர்ந்தது. கறி சாப்பிடுகிறவர்களைவிடச் சைவர்களுக்கு மாரடைப்பு வகை இதயநோய் 22 சதவீதம் குறைவு. பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். இரண்டும் ஒரே பத்தியில் இருந்தன. நான் முதல் பாதியைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். கூட்டத்தில் கைதட்டல் வந்துவிடும். உண்மையில் அந்த ஆய்வின் மொத்தக் கணக்கு சைவத்துக்குச் சாதகம்தான். பத்து வருடத்தில் ஆயிரம் பேருக்கு இதயநோய் பத்து குறையும், பக்கவாதம் மூன்று கூடும். முழுசாகச் சொல்லியிருந்தாலும் என் கட்சி தோற்றிருக்காது. இருந்தும் மறைத்தேன். நமக்குச் சாதகமான உண்மையிலேயே ஒரு மூலையை ஒடித்து வைக்கிற அளவுக்கு எனக்குப் பழகிப்போயிருந்தது.

இன்னொன்று சிரிப்புக்குரியது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. பேக்கன், சாசேஜ் வகையறா. அதை எடுத்துக்கொண்டு போய், வாரத்துக்கு ஒருநாள் அயிலைக் குழம்பு வைக்கிற ஆட்களிடம், “கறி தின்றால் புற்றுநோய், உலக நிறுவனமே சொல்லிவிட்டது” என்று பயமுறுத்தினேன். அந்தக் கூட்டத்தில் பேக்கனைக் கண்ணால் பார்த்தவர்கூட இருந்திருக்க மாட்டார்.

இனி உடம்புக்கு வருகிறேன்.

சர்க்கரை வந்ததை மரபு என்று சொல்லிச் சமாளித்தேன். அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வந்தது. அதில் பாதி உண்மை. மறுபாதி என் இலையில் இருந்தது. காலையில் இட்லி, தொட்டுக்கொள்ளச் சட்னி. பத்து மணிக்குச் சீனி போட்டு ஒரு காபி. மதியம் வெள்ளைச் சோறு மலையாக. அதன்மேல் பருப்பு தேடினால் அகப்படுகிற சாம்பார், பிறகு புளிக்குழம்பு, ரசம், மோர், அப்பளம். சாயங்காலம் வடையோ பஜ்ஜியோ. இரவு தோசை. விசேஷ நாளில் அல்வா, நம் ஊர் அல்வாதான், நெய் கையில் வழியும். இத்தனையிலும் ஒரு உயிர் சாகவில்லை. இத்தனையும் மாவு. இந்தியர்களுக்குச் சாப்பாட்டில் கிடைக்கும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது, என் இலையில் அதைவிடக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை என்றும் அதே ஆய்வு 2023இல் கணக்குச் சொன்னது. காய்கறி, பயறு, முழுத்தானியம், கொட்டை வகை என்று சாப்பிடுகிற சைவம் இதயத்தைக் காக்கிறது. தீட்டிய தானியமும் சர்க்கரையும் பழச்சாறுமாகச் சாப்பிடுகிற சைவம் இதயநோயைக் கூட்டுகிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017இலேயே பிரித்துக் காட்டியிருந்தார்கள். அந்தச் சுருக்கமும் என் கோப்பில் இருந்தது. முதல் பாதி மட்டும்.

காலுக்குச் சர்க்கரைதான் காரணம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். குளிக்கும்போது முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் ஆள் சாய்வேன். குளியலறைச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு குளிக்கப் பழகினேன். நாக்கு சிவந்து வழவழப்பாகி, காரம் பட்டால் எரிந்தது. வயதாகிறது என்று விட்டேன். என் ரத்தத்தைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் இருந்தது: ஹீமோகுளோபின் எப்போதும் ஒழுங்காக இருக்கும். கீரை தின்கிற உடம்பு என்று மேடையில் சட்டையைத் தட்டிக் காட்டுவேன்.

மனைவி தொந்தரவு தாங்காமல் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பிள்ளை. காலைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நின்ற மறுகணம் அவர் தோளைப் பிடித்தேன். “எத்தனை வருஷமா முழுச் சைவம் சார்?” என்றார். “பிறந்ததிலிருந்து” என்றேன், அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையோடு. முட்டை? “வாசலுக்குள்ளேயே வராது.” பால்? காபிக்குத்தான். தயிர்? மோராக்கிக் குடிப்பேன், எங்கள் வீட்டு மோரில் தயிர் எது, தண்ணீர் எது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும். சர்க்கரைக்கு மெட்பார்மின் எத்தனை காலமாக? பல வருடமாக. அவர் பி12 பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். 200க்குக் கீழே போனாலே குறைபாடு என்கிற இடத்தில் எனக்கு 100ஐத் தொடவில்லை.

கீரையிலும் பருப்பிலும் இருக்கிற ஃபோலேட், பி12 இல்லாவிட்டாலும் ரத்தத்தை ஓரளவு சமாளித்துக் கொடுத்துவிடும், நரம்பைச் சமாளிக்காது. ரத்தச் சோதனைத் தாள் அழகாக இருக்கும்போதே உள்ளே நரம்பின் உறை கழன்றுகொண்டிருக்கும். மெட்பார்மின் வேறு பி12ஐக் குடல் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். நான் தட்டிக் காட்டிய அந்தக் கீரை உடம்புதான் என் நோயை எனக்கே மறைத்து வைத்திருந்தது. இதை டாக்டர் விளக்கிக்கொண்டு வரும்போது அடுத்த வாக்கியம் என்னவென்று எனக்குத் தெரிந்தது. பாடப்புத்தகத்தில் இருக்கிறதுதானே.

பி12ஐச் செடியும் செய்யாது, விலங்கும் செய்யாது. நுண்ணுயிர்தான் செய்யும். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கிற பாக்டீரியா செய்து கொடுப்பது பாலிலும் கறியிலும் வருகிறது. அமெரிக்காவில் மினாட்டும் மர்பியும் 1926இல், சாகிற நிலையில் இருந்த ரத்தசோகை நோயாளிகளுக்கு ஈரலைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 1934இல் நோபல் கிடைத்தது. ஈரலில் இருந்த பொருள் இந்த பி12 என்று பின்னால் தெரிந்தது. 1956இல் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ் கதிரை வைத்து அதன் அமைப்பையே கண்டுபிடித்தார். வகுப்பில் இதைக் கதையாகச் சொல்லுவேன், பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும். ‘ஒரு உணவைக் கொடுத்தார்கள்’ என்பேன். எந்த உணவு என்பதை மட்டும் விழுங்கிவிடுவேன்.

சிவப்பு ஊசி போட ஆரம்பித்தார்கள். நாக்கு சீக்கிரமே சரியானது. நடை கொஞ்சம் திரும்பியது. பாதத்தில் பாதிதான் திரும்பியது. மீதி வராது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

முட்டை சாப்பிடலாமே என்று அவர் கேட்டார். முடியாது என்றேன். இப்போதும் சைவம்தான். வாடை ஆகாது, மனசு ஆகாது. அது என் வளர்ப்பு. அதில் எனக்கு வெட்கமில்லை. மாத்திரை, தினமும் அரை லிட்டர் பால், சோற்றைப் பாதியாக்கிச் சுண்டலும் பாசிப்பயறும் என்று மாற்றிக்கொண்டேன், சர்க்கரையும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. யோசித்துச் சாப்பிட்டால் சைவத்தில் நன்றாகவே வாழலாம். யோசிக்காமல் சாப்பிடுகிறவனையும் அது காப்பாற்றும் என்று சொன்னதுதான் என் பொய்.

திருக்குறளையும் இதில் இழுத்தேன். ‘புலால் மறுத்தல்’ அதிகாரத்தைச் சொல்லி, உடனே ‘மருந்து’ அதிகாரத்துக்குத் தாவுவேன், கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்று என்று தோன்றும்படி. புலால் மறுத்தல் துறவறவியலில் இருக்கிறது. அங்கே பேச்சு அருளைப் பற்றி; சாப்பிடாவிட்டால் நோய் வராது என்று அந்தப் பத்துக் குறளில் ஒன்றிலும் இல்லை. மருந்து பொருட்பாலில் இருக்கிறது. அங்கே செரித்த பிறகு அளவோடு சாப்பிடு என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. சைவமா அசைவமா என்ற கேள்வியே இல்லை. வள்ளுவர் தனித்தனியாக வைத்ததை நான் ஒட்டினேன், கோப்பில் ஒட்டியதைப் போலவே. காந்தியும் 1931இல் லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் பேசும்போது, உடல்நலத்துக்காக மட்டும் சைவம் ஆனவர்கள் வழுக்கி விழுகிறார்கள், அதற்கு அறம்தான் அடித்தளமாக இருக்க வேண்டும் என்ற கருத்தைத்தான் சொன்னார். பால் குடிப்பதில்லை என்று விரதம் எடுத்தவர், கடும் நோய்க்குப் பிறகு ஆட்டுப்பால் குடித்தார். விரதத்தின் எழுத்தைத்தான் காப்பாற்றினேன், அதன் ஆன்மாவைக் கைவிட்டேன் என்று சத்திய சோதனையில் ஒத்துக்கொண்டார். அவர் ஒத்துக்கொள்கிற ஆள். எனக்கு ஊசி போட்டு இரண்டு தீபாவளி போயிற்று.

இடையில் மேடை நிற்கவில்லை. ஊசி போட்ட வாரத்திலேயே ஒரு குருபூஜையில் பேசினேன். “டாக்டர் சொன்னதை அங்க சொல்லுங்களேன்” என்றாள் மனைவி. சொல்கிறேன் என்று போனேன். ஒலிபெருக்கி முன்னால் நின்றதும் 12 சதவீதம் தானாக வந்தது. அடுத்த வருடம் தலைப்பை மாற்றித் தரச் சொன்னேன். “பழசையே பேசுங்க அண்ணாச்சி, அதுக்குத்தான் கூட்டம் வருது” என்றார்கள். திருமுறைப் பெருமையைப் பேசிவிட்டு இறங்கினேன். அதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. கல்யாணம் ஆகிக் கோயம்புத்தூர்ப் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள். சத்துணவு அமைப்பாளர் அம்மா ஓய்வு பெற்று உள்ளூரிலேயே இருக்கிறார். அவரைப் பார்க்கப் போனேன். தப்புப் பண்ணிவிட்டேன் அம்மா என்று ஆரம்பித்ததுமே எதைச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நான் அந்த ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னேன். “அவ மட்டுமா?” என்று அவர் வரிசையாகப் பெயர் சொன்னார். பாதிப் பெயர்களுக்கு எனக்கு முகம் வரவில்லை. அதில் ஒரு பையன் பழத்தை வாங்கி வகுப்பில் கை தூக்கிவிட்டு, பிறகு சமையல்கூடத்துக்குப் பின்னால் வந்து முட்டையையும் வாங்கித் தின்றுவிட்டுப் போவானாம். “அவன் ஒருத்தன்தான் பிழைக்கத் தெரிஞ்சவன்” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார், சீனி இல்லாமல். வைத்துவிட்டுச் சொன்னார்: “அந்த வருஷம் பழத்துக்கு ஒதுக்கின காசு பத்தாம என் கைக்காசுதான் சார் போச்சு. மிஞ்சின முட்டைக்குக் கணக்கு எழுதவும் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதையாவது குடுத்துட்டுப் போங்க.”

எவ்வளவு என்று கேட்டேன். அவர் ஒரு தொகை சொன்னார். எடுத்துக் கொடுத்தேன், எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார்.